மான் போட்ட தட்டுகள்

அப்பா சென்னை வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்த அன்று, பஸ் நிறுத்தத்துக்கு நான்தான் போயிருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பஸ் எம்.ரெட்டியபட்டியில் நின்றது. முதலில் ஒரு துணிப்பை இறங்கியது. பிறகு கண்டக்டர் ஒரு மரப்பெட்டியைப் பிடித்து இழுக்க, உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"விடுங்க தம்பி, விடுங்க. நானே எறக்கிக்கிறேன். பீங்கான் சாமான்."

பெட்டியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினார். வீடு வரைக்கும் என்னிடம் பையை மட்டும்தான் கொடுத்தார்.

அம்மா வாசலில் பருத்திமாரை ஒடித்து விறகாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வாங்க" என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் வெளியூரிலேயே இருந்துவிட்டு இனிமேல் போகப்போவதில்லை என்று வந்து நிற்கும் மனிதரிடம் அவ்வளவுதான் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் பெட்டியை வைத்துத் திறந்தார்.

கனமான வெள்ளை மேசைவிரிப்பில் சுற்றி, ஒன்றோடொன்று இடிக்காமல் இருந்தன எல்லாம். ஆறு பெரிய தட்டுகள். வெள்ளைப் பீங்கான், விளிம்பைச் சுற்றி நீலக் கோடு, நடுவில் கால் தூக்கி நிற்கும் ஒரு சின்ன மான். அதே மான் பொறித்த முள்கரண்டிகள், கரண்டிகள். சூப்புக் கிண்ணம் இரண்டு. வெள்ளி மூடி போட்ட உப்புக் குடுவை. தோல் அட்டை போட்ட மெனு. கைப்பிடியளவு தீப்பெட்டிகள், அவற்றிலும் மான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுல யாரு சாப்பிட்டது?"

"யாரு யாரோ. மந்திரிக, நடிகருக, வெளிநாட்டுக்காரவுக..."

"அப்ப எச்சித் தட்டு." அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "இத்தன வருசம் கழிச்சு ஊரான் எச்சித் தட்டத் தூக்கிட்டு வந்திருக்காக, பாத்துக்கோ."

"கழுவினதுதான்" என்றார் அப்பா.

சிரித்துவிட்டேன். ரெண்டு பேரும் சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் அந்தத் தட்டுகள் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அவை பீரோவின் தலைமேல் ஏறின.

அந்த ஹோட்டலை நாங்கள் வீட்டில் 'மான் ஹோட்டல்' என்றுதான் சொல்வோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வைத்த பெயர். வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்திலேயே சென்னையில் தொடங்கியது. உயரமான ஜன்னல்கள், மரத் தரை, மெதுவாகச் சுற்றும் விசிறிகள் என்று அப்பா சொல்வார். கரிசல்காட்டில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, மழை பொய்த்த ஒரு வருடம் ஊர்க்காரர் ஒருவரோடு பஸ் ஏறியிருக்கிறார். பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்து, தண்ணீர் ஊற்றி, பிறகு பரிமாற வந்தார். பச்சைக் கழுத்துப்பட்டை வைத்த வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக ஒரு போட்டோ வீட்டில் உண்டு. அந்தப் போட்டோவில் இருந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். பொங்கலுக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் வந்து, தகரப் பெட்டி பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போகிறவரைத்தான் அவ்வளவாகத் தெரியாது.

ஹோட்டலை நடத்தியவர்களின் பிள்ளைகளுக்கு அதில் விருப்பமில்லை. கட்டடம் கைமாறியது. பழைய சாமான் வாங்குகிறவர்கள் வருவதற்கு முன்னால், முதலாளியம்மா வேலைக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, ஞாபகத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் சுவர்க் கடிகாரத்தை எடுத்தார். சமையல்காரர் பெரிய செம்புப் பாத்திரம் ஒன்றை. அப்பா, தான் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னலோர மேசைக்குப் போய், அதன்மேல் இருந்ததை அப்படியே விரிப்போடு கட்டினார். ஆறு பேர் உட்காரும் மேசை அது.

ஊருக்கு வந்த அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவுக்கு நூறு நாள் வேலை இருந்தது, ஆடு ரெண்டு இருந்தது, பருத்தி எடுப்புக்குக் கூப்பிட்டால் போவாள். அவர் வீட்டிலேயே இருந்தார். நடந்தால் சத்தமே கேட்காது. டம்ளரைத் தரையில் வைத்தால்கூடச் சத்தம் வராது. யாராவது சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கு உட்கார வராது, எழுந்து பின்னால் போய் நின்றுகொள்வார்.

"சாப்புடுறவுகளுக்குப் பின்னால நிக்காதீக" என்று அம்மா எரிச்சல்படுவாள். "பரீட்சை எழுதுறாப்புல இருக்கு."

"பழகிருச்சு."

"பழகிருச்சுன்னா? இது ஒங்க மான் ஹோட்டலா?"

அவர் நகர்ந்து கதவருகே போய் நிற்பார். அங்கிருந்தும் அவருடைய கண் அம்மாவின் தண்ணீர் டம்ளர் காலியாகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

சண்டை என்று சொல்ல முடியாது. பேச்சே இல்லாதபோது சண்டை எங்கே? நான் கல்யாணமாகிப் பாளையம்பட்டியில் இருக்கிறேன். அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷேர் ஆட்டோ பிடித்து ஊருக்குப் போவேன். நான் போனால் ரெண்டு பேரும் என்னிடம் பேசுவார்கள். என் வழியாக ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்வார்கள். "அவுகளுக்குச் சட்ட தைக்கக் குடுக்கணுமாம்." "ஒங்க அம்மாவுக்கு முட்டி வலிக்குதாம், மாத்திரை கேளு." ரெண்டு பேருமே பக்கத்தில்தான் இருப்பார்கள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டுகளை இறக்கித் துடைப்பார். கரண்டிகளுக்குத் திருநீறு போட்டுத் தேய்ப்பார். அப்படித் தேய்த்துக் கட்டிலில் வரிசையாக வைத்திருந்த ஒருநாள், ஜன்னல் வெளிச்சத்தில் அழகாக இருந்தது. போனில் படம் எடுத்து, பழைய சென்னையைப் பற்றிப் படம் போடுகிற ஒரு முகநூல் குழுவில் போட்டேன். 'என் அப்பா இங்கே சர்வராக இருந்தார்' என்று மட்டும் எழுதினேன்.

நான் எதிர்பார்க்கவே இல்லை. ஊரெல்லாம் எழுதினார்கள். எங்கள் நிச்சயதார்த்தம் அங்கேதான் நடந்தது என்றார் ஒருவர். முதல் சம்பளத்தில் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன் என்றார் இன்னொருவர். அந்தப் புட்டிங்கை நினைத்தால் இன்றும் நாக்கில் ஊறுகிறது என்று அமெரிக்காவிலிருந்து ஒருவர். நான் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுநடுவே, "எந்த மேசையாம்? போட்டிருக்கா?" என்றார்.

பழைய பொருள் சேகரிக்கிறவர்களும் எழுதினார்கள். மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம், என்ன விலை என்றாலும் சரி என்றார்கள். மான் போட்ட தட்டு ஒன்றுகூட வெளியே கிடைப்பதில்லையாம்.

"குடுத்துரச் சொல்லு" என்றாள் அம்மா என்னிடம். "பீரோ மேல எடமாவது மிஞ்சும்."

"பாக்கணும்னா வரச் சொல்லு" என்றார் அப்பா என்னிடம். "குடுக்கிறதப் பத்தி நான் யோசிக்கல."

அதற்குப் பிறகுதான், அந்த ஹோட்டலுக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவின் செய்தி வந்தது. இவ்வளவுதான் எழுதியிருந்தார்: 'உங்கள் அப்பா உயரமாக, இடது புருவத்தில் ஒரு தழும்போடு இருப்பாரா? ஜன்னலோர மேசையைப் பார்த்துக்கொண்டவர்தானே? இருக்கிறாரா?'

நான் என் எண்ணைக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு ஊரில் இருக்கும்போது கூப்பிட்டார். போனை அப்பாவிடம் கொடுத்ததும், கட்டிலில் சாய்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். முதுகு நிமிர்ந்தது. "வணக்கம் மேடம்" என்றார். நான் கேட்டறியாத குரல். ரொம்பப் பணிவாக இல்லை, ரொம்ப நெருக்கமாகவும் இல்லை. அளவெடுத்த மாதிரி ஒரு அன்பு இருந்தது அதில்.

திருச்சுழி கோயிலுக்கு வருவதாக ரொம்ப நாள் வேண்டுதலாம். வரும் வழியில் அவரையும் தட்டுகளையும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

மாசி மாதம், கரிசலெல்லாம் பருத்தி வெடித்து வெள்ளையாக நின்ற நேரம். கார் தெருவுக்குள் திரும்ப முடியாமல் ஊர்ப் பொட்டலில் நின்றது. இறங்கிய அம்மா எழுபது வயதைத் தாண்டியவர், வெட்டிய நரைமுடி, சாம்பல் நிறத்தில் கைத்தறிப் புடவை, கையில் ஒரு ஊன்றுகோல். அப்பா துவைத்துக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் பொட்டல் வரைக்கும் போய் நின்றிருந்தார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "கோட்டு இல்லாம உங்கள எனக்கு அடையாளமே தெரியாதுன்னு நெனச்சேன்" என்றார்.

வீட்டுக்குள் வந்ததும் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். அந்த அம்மா உட்காரும்போது, முழங்காலுக்குப் பின்னால் இடிக்காமல், மெல்ல முன்னால் தள்ளினார். ஒரு நொடி வேலைதான். அம்மா அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

தட்டுகள் கட்டிலில் இருந்தன. அந்த அம்மா ஒன்றை எடுத்து மடியில் வைத்து, மானை விரலால் தடவினார்.

"இத இவ்வளவு தெளிவாப் பாத்ததே இல்ல. எப்பவும் இதுமேல சாப்பாடு இருக்கும்."

"சார் எப்படி இருக்காக?" என்று கேட்டார் அப்பா.

"அவர் போய் ரெண்டு வருஷமாச்சு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, யாரும் கேட்காமலேயே சொன்னார். "மொதல்ல சூப்பு. அப்புறம் மீனு. கடேசியாப் புட்டிங்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "ஆமா, ஆமா. ஒவ்வொரு தடவையும் அதேதான். மெனுவ என் கையில குடுக்கவே மாட்டார், ரெண்டு பேருக்கும் அவரே சொல்லிடுவார். இப்ப சொல்றேன், எனக்கு அந்த மீன் பிடிக்கவே பிடிக்காது."

"தெரியும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"தட்டு திரும்பி வாரப்பத் தெரிஞ்சிரும். அதான் ஒங்களுக்கு மீனச் சின்னதா வச்சு உருளக்கெழங்க நெறைய வைக்கச் சொல்லுவேன்."

அந்த அம்மா தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "எல்லாருக்கும் அப்படித்தான் வைக்கிறாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "இத்தனை வருஷமும்."

அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அம்மா கட்டில் ஓரத்தில், தட்டுகளில் படாமல் ஒண்டிக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எனக்குச் செஞ்ச ஒரு காரியம் இருக்கு. அத உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்" என்று ஆரம்பித்தார்.

ஒரு கல்யாண நாள். ஹோட்டலில் எல்லா மேசையும் நிறைந்திருக்கிறது. இவருக்கும் கணவருக்கும் ஏதோ வாக்குவாதம். அவர் மடியில் விரித்திருந்த துணியை மேசையில் எறிந்துவிட்டு எழுந்து போய்விட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இவர் பட்டுப்புடவையோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார், கண்ணீர் நிற்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் வந்தார். ஒண்ணும் கேக்கல. பூச்சாடியக் கொஞ்சம் நகர்த்தி வச்சார், அவ்வளவுதான். பாத்தா, மத்த மேசைக்காரங்களுக்கு என் முகம் தெரியல. அப்புறம் ஒவ்வொண்ணாக் கொண்டுவர ஆரம்பிச்சார். ரொட்டி. கொஞ்சம் சூப். எலுமிச்சம்பழம் போட்ட வெந்நீர். கரண்டிய எடுத்துட்டு வேற கரண்டி வச்சார். அதையும் எடுத்துட்டு இன்னொண்ணு. யாராவது பாத்தா, இந்தம்மா சாப்பிட்டுட்டுத்தான் இருக்காங்கன்னு தோணும். அவ்வளவு நேரமும் என்ன ஒருத்தரும் பாவம்னு பாக்காம பாத்துக்கிட்டார். ரொம்ப நேரம் கழிச்சு அவர் திரும்பி வந்தார், மூஞ்சியெல்லாம் கலங்கி. இவர் நாற்காலிய இழுத்துப் போட்டு, 'இப்பதான் சார் சூப்பு வந்துச்சு'ன்னார். கை கழுவப் போனவர்கிட்ட சொல்ற மாதிரி. அவர் உக்காந்துட்டார். அந்த ஒரு வார்த்தை இல்லேன்னா ரெண்டு பேரும் எப்படி ஒரே மேசையில திரும்ப உக்காந்திருப்போம்னு எனக்குத் தெரியல."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தனியா ஒக்காந்து அழுகுறது எப்படின்னு எனக்கும் தெரியும்மா" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. "நான் அழுதப்ப முன்னால பூச்சாடி நகத்தி வைக்க ஆளு இல்ல. இவுக அங்கன இருந்தாக."

எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தான். தங்கவில்லை. எனக்கு அப்போது விவரம் புரியாத வயது. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததும், பக்கத்து வீட்டு அத்தை எனக்குச் சோறு ஊட்டியதும் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்பா வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த அம்மா பதறிப்போனார். "தெரியாம எதையோ கெளறிட்டேனோ?"

"இல்லம்மா." அம்மா அவர் கையை விடவில்லை. "இவுக அங்கன என்ன செஞ்சாகன்னு இதுவரைக்கும் எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்ல. தட்டுக் கழுவுறாக, சோறு வைக்கிறாகன்னு மட்டுந்தான் தெரியும். நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு."

சட்டென்று எழுந்து முந்தானையைச் செருகினாள். "நம்ம வீட்டுல சாப்பிடுவீகளா?"

"கண்டிப்பா. என்ன இருக்கோ அதக் குடுங்க."

"என்ன இருக்கோன்னு நான் கேக்கலம்மா. ஒங்களுக்கு என்ன வேணும்?"

அந்த அம்மா, ஏதோ கஷ்டமான கேள்வி கேட்கப்பட்டது போல விழித்தார். பிறகு முகம் சின்னப் பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"முட்டை" என்றார். "ஓரமெல்லாம் மொறுமொறுன்னு பொரிச்ச முட்டை. அந்த ஹோட்டல்ல பக்கத்து மேசைக் குழந்தைங்களுக்கு வரும். பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு தடவை கேட்டேன். 'அத வீட்லயே திங்கலாமே'ன்னார் அவர். வீட்ல அவருக்கு முட்டை பொரிக்கிற வாடை ஆகாது, செய்ய மாட்டோம்."

"நாட்டுக்கோழி முட்டையா இருக்கு" என்றாள் அம்மா, ரொம்பச் சந்தோஷமாக. "சோறு இருக்கு, கத்திரிக்காப் புளிக்கொழம்பு இருக்கு."

நானும் அம்மாவும் அடுப்படிக்குப் போனோம். கொஞ்ச நேரத்தில் முன்னறையில் எதையோ நகர்த்தும் சத்தம். எட்டிப் பார்த்தேன். டிவியைக் கட்டிலில் இறக்கி வைத்துவிட்டு, அது இருந்த மேசையை அப்பா நடுவில் இழுத்துப் போட்டிருந்தார். வெள்ளை விரிப்பைக் காற்றில் ஒரு உதறு உதறினார். அது சுருக்கமில்லாமல் இறங்கியது. ரெண்டு தட்டுகள் வைத்தார். கரண்டி, முள்கரண்டி, உப்புக் குடுவை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, ஒரு கரண்டியை மட்டும் நூலளவு நகர்த்தினார். பிறகு அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"வா. ஒக்காரு" என்றார்.

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா? அடுப்புல வேல கெடக்கு."

"அத அவ பாத்துக்கிருவா."

"அந்த எச்சித் தட்டுலயா?"

"நம்ம வீட்டுக்கு வந்த பெறகு அதுல ஒருத்தரும் சாப்பிடல" என்றார் அப்பா. "மொத ஆளு நீதான்."

அம்மா கரண்டியை என் கையில் கொடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்தபடி போனாள். அப்பா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். அவளுக்கு அப்படி உட்காரத் தெரியவில்லை, நாற்காலி எங்கே இருக்கிறதென்று கையால் தடவிப் பார்த்தாள். "ஒக்காரு, நான் புடிச்சிருக்கேன்" என்றார் அவர்.

நான் முட்டை பொரித்தேன். ஒரு துண்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு அப்பா வந்து வாங்கிப்போனார். குழம்பு, சோறு, அப்பளம், ஒவ்வொன்றாக. இடது பக்கமாகக் குனிந்து, மான் மறையும்படி சோற்றை நடுவில் வைத்து, குழம்பை ஓரத்தில் ஒழுகாமல் ஊற்றினார். மேடத்துக்குப் பரிமாறிவிட்டு அம்மாவின் பக்கம் வந்தார்.

"ஒனக்கு என்ன வேணும்?"

"என்ன கேள்வி இது? நாந்தான சமைச்சேன்."

"இருந்தாலும் சொல்லு."

அம்மா தட்டைப் பார்த்தாள். வெட்கத்தில் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. "எனக்கும் முட்டதான்" என்றாள். "ஒங்க மேடம் மாதிரி."

அந்த அம்மா முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவும் சோற்றில் கை வைத்தாள். முட்டையின் ஓரத்தைக் கடித்த சத்தம் எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா உட்கார்ந்து சாப்பிட, வேறொருவர் பரிமாறி நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டில்கூட அவள் கடைசிப் பந்திதான். அன்று அப்பா அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றார். அவள் எரிச்சல்படவில்லை. தண்ணீர் குறையக் குறைய அவர் ஊற்றினார், அவள் குடித்தாள்.

கிளம்பும்போது அம்மா, விருந்தாளி சாப்பிட்ட தட்டைக் கழுவி, தன் பழைய நூல் சேலை ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"ஐயோ, வேண்டாம். உங்க ஞாபகத்துக்கு வச்சிருக்கீங்க" என்றார் அந்த அம்மா.

"ஆறு தட்டையும் வச்சுக்கிட்டு நாங்க ரெண்டு பேரு என்ன செய்யப் போறோம்? ஒங்களுக்கு வேணும்கிறத இதுல போட்டுத் தின்னுங்க."

அந்த அம்மா மறுக்கவில்லை. காரில் ஏறும் வரைக்கும் அதை மடியோடு வைத்திருந்தார்.

மீதி ஐந்து தட்டுகள் அன்றே அடுப்படி அலமாரிக்குப் போய்விட்டன. இனி யாரும் விலை கேட்டு வரவேண்டாம் என்று, நான் முகநூலில் போட்ட படத்தை நீக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது அம்மா களத்தில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலேயே சொன்னாள்.

"நீ போன பெறகு ஒங்க அப்பா பேசுனாக. பிள்ள போன சேதி மத்தியானம் வந்துச்சாம். கூடம் நெறைய ஆளாம். சேதி கேட்ட பெறகும் நின்னு பரிமாறியிருக்காக. கையில தட்டு இருந்துச்சு, அழ முடியலன்னு சொன்னாக." தழையை உதறினாள். "இத்தன வருசமா எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல. வந்து நின்னப்ப கண்ணு காஞ்சு கெடந்துச்சா, கல்லு மனசுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நீ என்னம்மா சொன்ன?"

"என்ன சொல்றது? அன்னைக்குச் சாப்பிட்டீகளான்னு கேட்டேன். இல்லன்னாக."

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அம்மா இன்றும் எரிந்து விழுகிறாள், அப்பா இன்றும் சத்தமில்லாமல் வந்து நின்று அவளைத் திடுக்கிட வைக்கிறார். ஆனால் சேதி சொல்ல நான் தேவைப்படவில்லை. ஒருநாள் அம்மா போன் செய்து, "அவுக வேல பாத்த எடத்த நான் பாக்கணும். நீ லீவு போடு" என்றாள்.

மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. மான் ஹோட்டல் இருந்த கட்டடம் இப்போது துணிக்கடை. உயரமான ஜன்னல்கள் அப்படியே இருந்தன. உள்ளே குளிர்சாதனக் காற்றில் பொம்மைகள் சுடிதார் போட்டு நின்றன. அப்பா மெதுவாக நடந்து, கைக்குழந்தைகளுக்கான உடுப்புகள் தொங்கிய ஒரு மூலையில் நின்றார்.

"இங்கதான்" என்றார். "மேசை இங்கன. நான் அங்கன நிப்பேன்."

அம்மா அவர் நிற்பேன் என்று காட்டிய இடத்தில் போய் நின்று பார்த்தாள். அங்கேயிருந்து ஜன்னல் வழியாக ஒரு வேப்பமரம் தெரிந்தது. "மரம் அப்பவே இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றார். கடைப்பெண் ஒருத்தி வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். "சும்மா பாக்க வந்தோம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

பசித்தது. பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். நல்ல கூட்டம். பரிமாறியவருக்கு நாற்பது வயது இருக்கும், வியர்வை கழுத்தில் வழிந்தது. மூன்று இலைக்கும் சாம்பார் ஊற்றிவிட்டு நகரப் போனவரை அம்மா நிறுத்தினாள்.

"நீ சாப்பிட்டியாப்பா?"

அவர் வாளியோடு திரும்பிப் பார்த்தார். "எங்களுக்கு நாலு மணிக்குத்தான்மா" என்று சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஒங்களுக்கும் நாலு மணிக்குத்தானா?"

"சில நாளு அஞ்சாகும்" என்றார் அவர்.

அம்மா தன் இலையில் இருந்த வடையை எடுத்து அவர் இலையில் வைத்தாள். "சாப்பிடுங்க, ஆறிரும்" என்றாள்.